வாவிக்கரைக் கடைக்கு எந்தக் கிளவுட்?

"கடைக்கு ஒரு சொஃப்ட்வெயார் போடவேணும் தம்பி. கிளவுட்டில போடட்டா, கொம்பியூட்டரிலேயே போடட்டா?"

மட்டக்களப்பில் கணினியோடு கொஞ்சம் பழக்கம் உள்ள எவரிடமும் இந்தக் கேள்வி வந்து சேரும். களுவாஞ்சிகுடியில் ஹாட்வெயார் வைத்திருக்கும் அண்ணன் கேட்பார். ஏறாவூரில் புடவைக்கடை வைத்திருக்கும் நானா கேட்பார். கல்லடியில் நான்கு அறையோடு விடுதி நடத்தும் அக்கா கேட்பார். விற்கவரும் ஆட்கள் ஒவ்வொருவரும் தங்கள் சாமானே நல்லது என்றுதான் சொல்வார்கள். அதனால் விற்கிற வேலை எதுவும் இல்லாத ஒருவன் நிதானமாக இதை எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மூர்ச் சிறு கடைகளில் பெரும்பாலானவற்றுக்கு மென்பொருளை மாத வாடகைக்கு எடுப்பதுதான் சரி. ஆனால் கணக்கின் ஒரு முழுப் பிரதி எந்த நாளும் நம் கையில் இருக்க வேண்டும். இணைப்பு அறுந்த நேரத்தில் பில் போட முடியாத எதையும் கெஷியர் மேசையில் வைக்கக் கூடாது. இந்த மூன்றும் ஏன் என்பதைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

நான்கு வழிகள்

அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2011 செப்டெம்பரில் கிளவுட்டுக்கு ஒரு வரையறை வெளியிட்டது. இன்றைக்கும் உலகம் அதைத்தான் பின்பற்றுகிறது. அதில் சொல்லப்பட்ட சேவை வகைகள் மூன்று: சாஸ், பாஸ், ஐயாஸ். கடைக்குள்ளேயே கணினி வைத்துக்கொள்ளும் பழைய முறையையும் சேர்த்தால் நான்கு. இவற்றைப் பிரிப்பது ஒரே ஒரு விடயம்தான்: எந்த வேலை யார் தலையில்?

வாவியின் எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போகவேண்டும் என்று வையுங்கள். சொந்தத் தோணி வைத்திருக்கலாம். ஓட்டை விழுந்தால் அடைப்பதும், இரவில் களவு போகாமல் பார்ப்பதும் உங்கள் வேலை. தோணியை மட்டும் வாடகைக்கு எடுத்து நீங்களே வலிக்கலாம். அது ஐயாஸ். இயந்திரப் படகையும் ஓட்டுநரையும் பேசிவைத்து உங்கள் சாமானை மட்டும் ஏற்றலாம். அது பாஸ். இல்லையென்றால் குருமண்வெளித் துறையில் மண்டூர்ப் படகுப் பாதையில் எல்லாரோடும் சேர்ந்து ஏறலாம். காசும் குறைவு, கவலையும் குறைவு. புறப்படும் நேரம் மட்டும் உங்கள் கையில் இல்லை. அது சாஸ்.

இனிக் கடைக்கு வருவோம்.

சொந்தக் கணினி என்றால் டாலி போன்ற ஒரு கணக்கு மென்பொருளை வாங்கி, கடை மேசையில் உள்ள கணினியில் ஏற்றி ஓட்டுவது. இணையம் தேவையில்லை. வேகமும் உண்டு. ஆனால் ஹார்ட் டிஸ்க் பழுதானாலும், வைரஸ் வந்தாலும், யூ.பி.எஸ். பற்றரி செத்தாலும் எல்லாம் உங்கள் பாடு. இதில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். காசு கொடுக்காமல் உடைத்துப் போட்ட பிரதியைப் பாவிக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்கள் உள்ளே வருகிற முக்கிய வாசல்களில் அதுவும் ஒன்று. இரண்டு வருடக் கடன் கணக்கு ஒரே இரவில் பூட்டப்பட்டால், மிச்சம் பிடித்த காசு ஒரு மூலைக்கும் காணாது.

ஐயாஸ் என்றால் எங்கோ ஒரு தரவு நிலையத்தில் வெறும் கணினியை வாடகைக்கு எடுப்பது. அமேசன் 2006-இல் இதைத் தொடங்கிவைத்தது. மாதம் சில டொலருக்கே சிறிய லினக்ஸ் கணினி கிடைக்கும் என்பதால் பலருக்கு ஆசை வருகிறது. ஆனால் அந்த வாடகையில் வருவது இயந்திரம் மட்டும்தான். பாதுகாப்புத் திருத்தம் போடுவது, தேவையில்லாத வாசல்களை அடைப்பது, நகல் எடுப்பது, நடு இரவில் நின்றுபோனால் எழுந்து பார்ப்பது எல்லாம் வாடகைக்கு எடுத்தவரின் வேலை.

பாஸ் என்பது தாங்களே மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு. இயந்திரம், இயங்குதளம், தரவுத்தளம் எல்லாவற்றையும் நிறுவனம் பார்த்துக்கொள்ள, நீங்கள் எழுதிய நிரலை மட்டும் ஏற்றுகிறீர்கள். ஹெரோக்கு இதில் பெயர்பெற்றது. பல வருடம் இலவசமாகவும் இடம் கொடுத்துவந்த அந்த நிறுவனம், 2022 நவம்பர் இறுதியில் இலவச வகையை நிறுத்தியது. அதை நம்பி ஓடிக்கொண்டிருந்த சிறு திட்டங்கள் அவசரமாக இடம் மாறவேண்டி வந்தது. இலவசம் என்பது அடுத்தவர் வைத்த தவணை. அது எப்போது வேண்டுமானாலும் முடியலாம்.

சாஸ் என்பது ஆயத்தமான மென்பொருளை உலாவியிலோ தொலைபேசியிலோ திறந்து பாவிப்பது. 1999-இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் இந்த முறையைப் பெரிய வியாபாரமாக்கிக் காட்டியது. நமக்குப் பக்கத்திலேயே சென்னை இதில் உலக அளவில் பெயரெடுத்த நகரம். 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-இல் பெயர் மாறிய சோஹோ, தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் அலுவலகம் வைத்து உலகத்துக்கே கணக்கு மென்பொருள் விற்கிறது. 2010-இல் சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வேர்க்ஸ், 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது. ஜிமெயில் பாவிக்கிற எல்லாரும் ஏற்கெனவே சாஸ் பாவிக்கிறவர்கள்தான்.

ஒரே மென்பொருளையும் பல வழியில் எடுக்கலாம் என்பதைக் கவனியுங்கள். மும்பையில் உருவான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் திறந்த மூல மென்பொருள். அதைக் கடைக் கணினியிலும் போடலாம், வாடகைக் கணினியிலும் போடலாம், அதைச் செய்தவர்களிடமே மாதச் சந்தாவுக்கும் எடுக்கலாம். "எந்த மென்பொருள்" என்பதும் "எந்த வழி" என்பதும் தனித்தனிக் கேள்விகள். கடைக்காரர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இவை இரண்டும் ஒன்றாகக் குழம்பும் இடத்தில்தான்.

போட்டுத் தந்த தம்பி எங்கே?

சொந்தக் கணினியும் ஐயாஸும் நம்மூர்ச் சிறு கடைகளுக்குப் பொருந்தாததற்குக் காரணம் விலை இல்லை, ஆள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களே வந்து அழகாகப் போட்டுத் தருவார்கள். அடுத்த வருடம் அவர்கள் கொழும்பில் இருப்பார்கள், அல்லது கட்டாரில். அது அவர்களின் முன்னேற்றம், நாம் சந்தோசப்பட வேண்டிய விடயம். ஆனால் அவர்கள் போட்ட சேர்வர் இங்கேதான் இருக்கிறது. கடவுச்சொல் யாரிடம், கடைசியாகத் திருத்தம் போட்டது எப்போது, நகல் எங்கே விழுகிறது என்று முதலாளிக்குத் தெரியாது.

ஒரு முழுநேரக் கணினி ஆளை வைத்திருக்க முடியாத கடை, அந்த ஆளின் வேலையைச் சந்தாவுக்குள் சேர்த்து வாங்குவதுதான் புத்தி. 2024 ஜனவரி 1 அன்று வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. அந்த ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். மென்பொருளில் அதை யார் மாற்றினார்கள், பழைய பில்களின் வீதம் மாறாமல் இருந்ததா, வரிப் பற்றுச்சீட்டு சரியான வடிவில் வந்ததா? நல்ல சாஸ் நிறுவனம் என்றால் இது அவர்களின் வேலை. வெளிநாட்டு மென்பொருளை எடுக்கும் முன் இலங்கையின் வரி அமைப்புக்கு அது இசைகிறதா என்று கேட்டேயாக வேண்டும்.

கரண்டும் லைனும் வெள்ளமும்

இந்த விடயத்தில் நம் இடத்துக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேர மின்வெட்டையும் பார்த்தோம். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததென்று நாடு முழுவதும் இருண்டது. கரண்ட் போனால் வீட்டு ரவுட்டர் உடனே சாகும். கைபேசிக் கோபுரங்கள் பற்றரியில் கொஞ்ச நேரம் தாங்கும், நீண்டுபோனால் அவையும் சாகும்.

கரண்டும் சிக்னலும் இருந்தும் சேவை நின்ற நாட்களும் உண்டு. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலில் நம் சீயோன் தேவாலயமும் தாக்கப்பட்ட அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3 அன்றும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. வட்ஸ்அப்பில் மட்டும் ஓடர் எடுத்தவர்களின் வியாபாரம் அந்த நாட்களில் அப்படியே நின்றது. கணக்கு மென்பொருளை யாரும் முடக்கவில்லை. ஆனால் ஒரே வாசலை நம்பியிருந்தால் என்ன நடக்கும் என்பதை அது காட்டியது.

அதற்கு மேல் தண்ணீர். 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 ஜனவரி வெள்ளம், 2024 நவம்பர் வெள்ளம், 2025 நவம்பரின் டித்வா சூறாவளி என்று இந்தக் கரைக்குப் பட்டியல் நீளம். காத்தான்குடியும் ஆரையம்பதியும் கல்லடியும் கடலுக்கும் வாவிக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய நிலம். புளியந்தீவு நாலாபக்கமும் தண்ணீர். கடை காத்தான்குடியில், நகல் பென்ட்ரைவ் ஆரையம்பதி வீட்டில் என்றால், இரண்டும் ஒரே வெள்ளத்தின் பாதையில்தான் இருக்கின்றன. சொந்தக் கணினியை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியாது.

ஆகவே இரண்டு பக்கமும் ஆபத்து. கணக்கு ஊருக்குள் மட்டும் இருந்தால் வெள்ளத்துக்குப் பயம். ஊருக்கு வெளியே மட்டும் இருந்தால் லைன் அறுவதற்குப் பயம். இதற்குச் சரியான விடை, இணைப்பு இல்லாமலே பில் போட்டு, இணைப்பு வந்ததும் தானாக மேலே அனுப்பும் மென்பொருள். விற்பவரிடம் இதை வாயால் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். ரவுட்டரின் வயரை உங்கள் கையால் கழற்றுங்கள். பில் போடுங்கள், ஒரு சாமானைத் திருப்பி எடுங்கள், ஒரு கடன்காரரின் பாக்கியைப் பாருங்கள். பிறகு வயரைச் செருகி எல்லாம் சரியாக மேலே போனதா என்று பாருங்கள். இந்தச் சோதனையில் தோற்ற மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம் கடைக்கு வேண்டாம்.

கூடவே ரவுட்டருக்கு ஒரு சிறிய யூ.பி.எஸ்., வேறு நிறுவனத்தின் சிம் போட்ட ஒரு டொங்கிள். இவை ஆடம்பரம் இல்லை. 2025 ஜூலையிலிருந்து ஸ்டார்லிங்கும் நாட்டில் கிடைக்கிறது. வாகரைப் பக்கம் போல் சிக்னல் மெலிந்த இடத்தில் ஒரு பெரிய விடுதிக்கோ ஆலைக்கோ அது கணக்கில் எடுக்கத்தக்கது. பெட்டிக்கடைக்கு வேண்டாம்.

கிளவுட்டில் இருந்தாலும் நகல் வேண்டும்

"கிளவுட்டில கிடக்கு, அது பத்திரம்" என்று சொல்பவர்களுக்கு நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2023 ஓகஸ்ட் 26-இல் லங்கா அரசாங்கக் கிளவுட்டை கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தாக்குதல் ஒன்று பிடித்தது. அரசாங்க மின்னஞ்சல்கள் அதில்தான் ஓடின. சில மணிநேரத்தில் சேவையை மீட்டார்கள். ஆனால் அந்த வருடம் மே 17-இலிருந்து ஓகஸ்ட் 26 வரைக்குமான நகல் எங்கும் இல்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் அந்த மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதங்களை இழந்தன. மின்னஞ்சலுக்கு அவர்கள் பாவித்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கு மைக்ரோசொஃப்ட் பாதுகாப்புத் திருத்தம் தருவதை அதே வருடம் ஏப்ரலில் நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்கு மாறும் வேலை நிதி இல்லாமல் தள்ளிப்போயிருந்தது.

ஒரு நாட்டின் அரசாங்கத்துக்கே, தானே பராமரிக்கும் கிளவுட்டில் இதுதான் நிலை என்றால், நம் கடை தனியாக ஒரு சேர்வரைக் காப்பாற்றும் என்று எப்படி நம்புவது? திருத்தம் போடும் வேலையை யாரிடம் விடுகிறோம் என்பதுதான் வழியைத் தெரிவுசெய்வதன் உயிர்நாடி என்று நான் சொல்வது இதனால்தான்.

வெளியுலகிலும் இதே பாடம் திரும்பத் திரும்ப வருகிறது. தென்கொரியாவின் டேஜோன் நகரத்து அரசுத் தரவு நிலையத்தில் 2025 செப்டெம்பர் 26-இல் பற்றரி தீப்பற்றியது. அரச ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-ட்ரைவில் 858 டெராபைட் அழிந்தது. வெளியே நகல் இல்லை. அதற்கு முந்தைய வருடம் மே மாதம் அவுஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியம் கூகிளிடம் வைத்திருந்த தனிக் கிளவுட்டைக் கூகிளின் பக்கத்துப் பிழை ஒன்று அழித்தது. ஆனால் யூனிசூப்பர் வேறொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்தது. மீண்டெழ அதுவும் உதவியது.

இந்தத் துறையில் பழைய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகை இடம், ஒன்றாவது வெளியூரில். சிறு கடைக்கு இதை இப்படிச் செய்யலாம். முதல் பிரதி சாஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. வாரம் ஒரு முறை வாடிக்கையாளர் பட்டியல், கடன் பாக்கி, கையிருப்பு, பில் விபரம் நான்கையும் எக்செல் கோப்பாக இறக்கி ஒரு வெளி டிஸ்க்கில் வையுங்கள். அதையே வேறொரு நிறுவனத்தின் ட்ரைவிலும் ஏற்றுங்கள். வெள்ளிக்கிழமை கடை பூட்டும்போது பதினைந்து நிமிட வேலை. பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுங்கள், பொறுப்போடு செய்வார்கள்.

டொலரில் எழுதிய சந்தா

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது. மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. மாதம் 15 டொலர் சந்தா என்றால் 3,000 ரூபாயாக இருந்த செலவு 5,400 ஆனது. நிறுவனம் ஒரு சதமும் விலையைக் கூட்டவில்லை. அந்த நாட்களில் வெளிநாட்டுக்குக் காசு அனுப்புவதே பெரும்பாடாக இருந்தது. ஒரு மாதம் கார்ட் வேலை செய்யாவிட்டால் கணக்குப் புத்தகம் பூட்டிக்கொள்ளும் என்றால் அது எவ்வளவு பெரிய விடயம்!

அதனால் மூன்று விடயம் பாருங்கள். ரூபாயில் பில் தரும் உள்ளூர் நிறுவனம் இருந்தால் அதை முதலில் சோதியுங்கள். வெளிநாட்டு நிறுவனம் என்றால், சந்தா கட்டத் தவறினால் எத்தனை நாள் பொறுப்பார்கள், அந்தக் காலத்தில் கணக்கைப் பார்க்கவாவது விடுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். செலவைக் கணக்கிடும்போது டொலர் இன்றைய விலையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கூடினாலும் தாங்குமா என்று போட்டுப் பாருங்கள். தாங்காது என்றால் அந்தச் சந்தா கடைக்குப் பெரியது.

சொந்தக் கணினியின் செலவையும் நேர்மையாகப் போடவேண்டும். கணினியின் விலையோடு யூ.பி.எஸ்., வெளி டிஸ்க், ஐந்து வருடத்தில் ஒரு புதிய கணினி, பழுது பார்க்க வருபவரின் கூலி, கடை நின்ற மணிநேரங்கள் எல்லாம் அதில் சேரும். இதையெல்லாம் கூட்டினால், "ஒருக்கா வாங்கினா முடிஞ்சுது" என்ற கணக்கு அவ்வளவு மலிவாகத் தெரியாது.

கணக்கு யாருடைய பெயரில்?

அடிக்கடி நடக்கும் ஒரு விடயம். மென்பொருள் போட வந்தவர் தன் சொந்த மின்னஞ்சலில் கணக்கைத் திறந்துவிடுவார். இரண்டாம் படிக் குறியீடும் அவருடைய தொலைபேசிக்கே போகும். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது, வேகத்துக்காகச் செய்வது. ஆனால் நாளைக்கு மனஸ்தாபம் வந்தாலோ அவர் தொலைபேசியைத் தொலைத்தாலோ, உங்கள் கடைக் கணக்கின் உரிமைக்காரர் அவர்தான். கடையின் பெயரில் ஒரு மின்னஞ்சல், முதலாளியின் பெயரில் உள்ள சிம், முதலாளியின் கார்ட். இந்த மூன்றும் இல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

அடுத்தது வெளியேறும் வழி. குவிக்புக்ஸை நடத்தும் இன்டுயிட் பெரிய நிறுவனம், பல நாடுகளில் இருக்கிறது. ஆனாலும் 2023-இல் இந்தியாவில் குவிக்புக்ஸை நிறுத்திக்கொண்டது. அங்கிருந்த சிறு வியாபாரிகள் தங்கள் கணக்கை இறக்கிக்கொண்டு வேறிடம் போகவேண்டி வந்தது. நிறுவனம் எவ்வளவு பெரியது என்பது நமக்கு உத்தரவாதம் ஆகாது. இறக்கிய கோப்பை இன்னொரு மென்பொருள் ஏற்றுக்கொள்கிறதா என்பதுதான் உத்தரவாதம். பி.டி.எஃப். மட்டும் தரும் மென்பொருளிடம் உங்கள் கணக்கு சிறைப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதில் நமக்கே உரிய சிக்கல் பாமினி எழுத்துரு. பழைய கணினிகளில் சாமான் பெயர்களையும் வாடிக்கையாளர் பெயர்களையும் பாமினியில் தட்டி வைத்தவர்கள் ஏராளம். திரையில் தமிழாகத் தெரியும் அந்த எழுத்து, உள்ளே ஆங்கில எழுத்தாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். கிளவுட்டுக்கு ஏற்றினால் குப்பையாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. முதலில் யூனிகோடுக்கு மாற்றி, ஒரு வாசிப்பு வாசித்துப் பிழை திருத்தி, பிறகு ஏற்றுங்கள். பில் அச்சடிக்கும் சிறிய வெப்ப அச்சு இயந்திரத்தில் தமிழ் ஒழுங்காக வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தாயும் தகப்பனும் வாசிக்க முடியாத பில்லைக் கொடுத்து ஒரு ஊரில் நம்பிக்கை வளர்க்க முடியாது.

தொழிலுக்குத் தொழில்

ஹாட்வெயார், பலசரக்கு: முன்னே கெஷியர் மேசையில் இணைப்பில்லாமல் ஓடும் பில் மென்பொருள், பின்னே சாஸ் கணக்கு. சீமெந்து பையிலும், கம்பி கிலோவிலும், மணல் கியூபிலும் போகும் கடை என்றால் பல அளவுகளை அந்த மென்பொருள் தாங்குகிறதா என்று பாருங்கள். கடன் கொப்பியை முதல் மூன்று மாதம் கையிலும் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் கொப்பியை மூடலாம்.

மீன் வாடி: காலையில் நிறுக்கவும், விலை பேசவும், தோணிக்காரருக்குக் கொடுத்த முற்பணத்தைக் கழிக்கவும் வேண்டும். அவ்வளவுதான் தேவை. இதற்குப் பெரிய மென்பொருள் வீண். தொலைபேசியில் இணைப்பில்லாமலும் திறக்கும் ஒரு கூகிள் தாள் போதும். ஆளுக்கொரு பக்கம், ஒவ்வொரு நாளும் ஒரு வரி. நன்றாக ஓடினால் பிறகு வளரலாம்.

விடுதி: கல்லடி, பாசிக்குடாப் பக்கம் விடுதி வைத்திருப்பவர்களுக்குச் சாஸ் தவிர வேறு வழியை நான் சொல்லமாட்டேன். அறை காலியா என்ற விபரம் பல முன்பதிவுத் தளங்களில் ஒரே நேரத்தில் மாறவேண்டும். கடைக் கணினியில் பூட்டி வைத்தால் ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் வந்து நிற்கும்.

அரிசி ஆலை: பெரும்போக அறுவடையில் வேலை குவியும், நடுவில் ஓய்ந்துபோகும். தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் முடிவது கிளவுட்டின் அடிப்படை இலக்கணங்களில் ஒன்று. அறுவடைக் காலத்தில் ஐந்து பாவனையாளர், மற்றக் காலத்தில் இரண்டு என்று சந்தாவை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். வருடச் சந்தாவில் தள்ளுபடி என்று கட்டிப்போட விடாதீர்கள்.

மருந்தகம், தனியார் சிகிச்சை நிலையம், ரியூசன் வகுப்பு: இங்கே மற்றவர்களின் விபரம் நம் கையில் இருக்கிறது. இலங்கையில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தரவு மும்பையில் இருக்கிறதா, சிங்கப்பூரில் இருக்கிறதா, யார் யாருக்குத் திறக்கும் உரிமை என்று தெரிந்திருப்பது இனி முதலாளியின் பொறுப்பு. ஒரு நோயாளியின் வருத்தமும் ஒரு பிள்ளையின் தொலைபேசி எண்ணும் ஊரில் பரவினால் அதைத் திரும்ப அள்ள முடியாது.

சொந்தமாக ஒரு செயலி எழுதி விற்கப்போகும் இளைஞர்கள்: பாஸில் தொடங்குங்கள். இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் நிறுவனத்தில் ஒருவர் முழுநாளும் சேர்வர் பார்த்துக்கொண்டிருந்தால் செயலியை எழுதுவது யார்? வாடிக்கையாளர் பெருகி, செலவு கையைக் கடிக்கும்போது ஐயாஸுக்கு இறங்கலாம். இந்த நாட்டில் நல்ல மென்பொருள் பிறக்காது என்று எவராவது சொன்னால் சஹானாவைக் காட்டுங்கள். 2004 ஆழிப்பேரலை முடிந்த கையோடு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய இலங்கையின் தொண்டர்கள் எழுதிய திறந்த மூல மென்பொருள் அது. அடுத்த வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அங்கும் பாவித்தார்கள். அந்தப் பேரலையில் நம் நாவலடி இழந்ததை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. ஆனால் அந்தத் துயரத்திலிருந்து உலகத்துக்கு உதவும் ஒன்று இந்த நாட்டில் பிறந்தது.

கையெழுத்துக்கு முன்

விற்க வருபவரிடம் கேட்க வேண்டியவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன்.

1. வயரைக் கழற்றினால் பில் ஓடுமா?
2. எல்லாத் தரவையும் நானே எக்செல் கோப்பாக இறக்க முடியுமா, அதற்குத் தனிக் காசு உண்டா?
3. கணக்கு கடையின் மின்னஞ்சலில், என் தொலைபேசி எண்ணில் திறக்கப்படுமா?
4. நகல் எத்தனை நாளுக்கு ஒரு முறை, எந்த இடத்தில்? கடைசியாக மீட்டுப் பார்த்தது எப்போது?
5. தமிழில் கதைத்து உதவி செய்ய ஆள் இருக்கிறாரா, ஞாயிறிலும் பெருநாளிலும் கிடைப்பாரா?
6. நான் விலகினால் என் தரவை எத்தனை நாளில் அழிப்பீர்கள்?

இந்த ஆறுக்கும் எழுத்தில் பதில் தருபவரோடு ஒரு மாதம் சோதனை ஓட்டம் செய்யுங்கள். சித்திரை வருடப்பிறப்பு, பெருநாள் நெருங்கும் நாட்களில் தொடங்காதீர்கள். கூட்டத்தில் எந்த மென்பொருளும் தடுமாறும், வேலைசெய்யும் பிள்ளைகளும் தடுமாறுவார்கள். வெயில் காலத்தின் அமைதியான ஒரு மாதத்தில் தொடங்கி, ஒக்டோபர் மழைக்கு முன் எல்லாரும் பழகிவிட்டால் நல்லது.

ஏற்கெனவே ஏதோ ஒரு மென்பொருள் பாவிப்பவர்கள் இதையெல்லாம் யோசிக்க வேண்டியதில்லை என்று நினைக்காதீர்கள். இந்த வெள்ளிக்கிழமை கடை பூட்டியதும் உட்காருங்கள். உங்கள் கடன் பாக்கிப் பட்டியலை இறக்கிப் பாருங்கள். இறங்கினால், உங்கள் கணக்கு உங்களுடையதுதான், எந்த வழியில் இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கலாம். இறங்காவிட்டால், அடுத்த மழை வருவதற்கு முன் வேறு வழி தேடத் தொடங்குங்கள்.